கோல்டு கோஸ்ட் எப்படி கானா ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கானா, 1957 மார்ச் 6 வரைக்கும் கோல்டு கோஸ்ட், அதாவது தங்கக் கடற்கரை, என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. விடுதலை கிடைத்த அதே நாளில் பெயரும் மாறியது. புதிய பெயர் அந்த மண்ணில் இருந்த ஊரின் பெயரோ ஆற்றின் பெயரோ இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன ஒரு பேரரசின் பெயர் அது. ‘ஏன் அப்படி?’ என்று கேட்கத் தொடங்கினால் கேள்வி மேல் கேள்வி வரும். அவற்றில் பலரும் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றில் நின்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

‘கோல்டு கோஸ்ட்’ என்ற பெயரை வைத்தது யார்?

கடல் வழியாக வந்த ஐரோப்பிய வணிகர்கள். 1471-ல் போர்ச்சுகீசியர் இந்தக் கரைக்கு வந்தார்கள். உள்ளூர் மக்கள் தங்கத்தை இவ்வளவு சாதாரணமாக விற்பதைப் பார்த்து, இதற்கு ‘சுரங்கம்’ என்று பொருள்படும் ‘மினா’ என்ற பெயரை வைத்தார்கள். 1482-ல் அவர்கள் கட்டிய கோட்டை நிற்கும் ஊருக்கு இன்றைக்கும் எல்மினா என்றுதான் பெயர். அப்புறம் டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், டேனியர்கள் என்று ஒவ்வொருவராக வந்து கோட்டை கட்டினார்கள். அவரவர் மொழியில் ‘தங்கக் கரை’ என்றே அழைத்தார்கள்.

இந்தக் கரை முழுவதற்குமே ஐரோப்பியர்கள் வைத்த பெயர்கள் சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கும். மிளகு போன்ற ஒரு காரமான விதை கிடைத்த இடம் தானியக் கரை, யானைத் தந்தம் கிடைத்த இடம் தந்தக் கரை, தங்கம் கிடைத்த இடம் தங்கக் கரை, மனிதர்களைப் பிடித்து விற்ற இடம் அடிமைக் கரை. அங்கே வாழ்ந்தவர்கள் யார், அவர்கள் தங்கள் ஊரை என்னவென்று அழைத்தார்கள் என்பதெல்லாம் இந்தப் பெயர்களில் இல்லை. கப்பலில் என்ன ஏற்றலாம் என்பது மட்டும் இருக்கிறது. பிற்காலத்தில் தங்கக் கரையின் கோட்டைகளிலும் தங்கத்தைவிட அடிமை வணிகமே பெரிதாக நடந்தது. கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளின் நிலவறைகளில் அடைக்கப்பட்டு அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களை நினைத்தால், ‘தங்கம்’ என்ற சொல் அந்த இடத்துக்கு எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். இப்படிப்பட்ட பெயரை விடுதலை பெற்ற மக்கள் தூக்கிச் சுமக்க விரும்பாததில் எனக்கு வியப்பே இல்லை.

கோல்டு கோஸ்ட் என்பது ஒரே நாடாக இருந்ததா?

இல்லை. பெயர் மாற்றத்துக்கான முக்கியமான காரணங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது, ஆனால் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

டேனியர்கள் தங்கள் கோட்டைகளை 1850-ல் பிரிட்டனுக்கு விற்றார்கள். டச்சுக்காரர்கள் 1872-ல் விட்டுக்கொடுத்தார்கள். 1874-ல் கடற்கரைப் பகுதி முறையான பிரிட்டிஷ் காலனி ஆனது. அதற்கு வடக்கே குமாசியைத் தலைநகராகக் கொண்ட அசாந்திப் பேரரசு பல போர்களுக்குப் பிறகு பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. அதற்கும் வடக்கே ‘வடக்குப் பிரதேசங்கள்’ என்ற பாதுகாப்பு நிலப்பகுதி. இந்த ஏற்பாடு 1902 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து பிடுங்கப்பட்ட டோகோலாந்தின் மேற்குப் பகுதியும் பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு வந்தது.

ஆக, ஒரே ஆளுநரின் கீழ் நான்கு துண்டுகள். இவற்றில் ‘கடற்கரை’ என்பது ஒரு துண்டுக்குத்தான் பொருந்தும். வடக்கே தமாலேயில் இருப்பவருக்கும் கடலுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. அவரைப் பார்த்து ‘நீங்கள் தங்கக் கடற்கரைக்காரர்’ என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? நான்கையும் சேர்த்து ஒரு நாடு அமைக்கும்போது, நான்குக்கும் பொதுவான பெயர் தேவைப்பட்டது.

பழைய கானா பேரரசு என்பது என்ன?

சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், இன்றைய மௌரித்தானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும் இருந்த அரசு அது. சோனிங்கே மக்கள் அமைத்தது. அவர்கள் அதை வாகாடு என்று அழைத்தார்கள். எட்டாம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-ஃபசாரி இதை ‘தங்கத்தின் நாடு’ என்று குறித்திருக்கிறார்.

இந்த அரசைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நல்ல வர்ணனை, ஸ்பெயினின் கோர்டோபாவில் இருந்த அல்-பக்ரி 1068 வாக்கில் எழுதியது. அவர் அங்கே போனதில்லை. போய்வந்த வணிகர்களிடம் கேட்டும், பழைய நூல்களைப் பார்த்தும் எழுதினார். இருந்தாலும் விவரங்கள் கண்ணால் பார்த்தது போல இருக்கும். தலைநகரம் இரண்டு ஊர்களாக இருந்ததாம். ஒன்று முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்தது, அதில் 12 பள்ளிவாசல்கள். சுமார் ஆறு மைல் தள்ளி இன்னொன்று, அங்கே அரசர் வாழ்ந்தார். இரண்டுக்கும் நடுவே தொடர்ச்சியாக வீடுகள். அரசவையில் பொன்னாடை போர்த்திய பத்துக் குதிரைகள், பொன் பதித்த வாளும் கேடயமும் ஏந்திய பணியாளர்கள். வாசலில் காவல் காத்த நாய்களின் கழுத்தில்கூடப் பொன்னும் வெள்ளியும்.

ஆடம்பரத்தைவிட என்னை அதிகம் கவர்வது அந்த அரசின் வரி முறை. பாலைவனத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் ஒவ்வொரு கழுதைச் சுமைக்கும் உள்ளே வரும்போது ஒரு தினார், வெளியே போகும்போது இரண்டு தினார். சுரங்கத்தில் கிடைக்கும் தங்கக் கட்டிகள் அரசருக்கு, தங்கத் தூள் மட்டும் மக்களுக்கு. கட்டிகளையும் புழக்கத்தில் விட்டுவிட்டால் தங்கத்துக்கு மதிப்பே போய்விடும் என்பதுதான் அல்-பக்ரி சொல்லும் காரணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, எவ்வளவு தங்கம் சந்தைக்கு வர வேண்டும் என்று திட்டமிட்டு ஆண்டிருக்கிறார்கள். போர் என்று வந்தால் 2,00,000 வீரர்களை இறக்க முடியும், அவர்களில் 40,000 பேருக்கு மேல் வில்லாளிகள் என்றும் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், ஆனால் அரபு உலகம் இந்த அரசைப் பார்த்த பார்வை அதில் தெரிகிறது.

11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த அரசு தளரத் தொடங்கியது. வடக்கிலிருந்து வந்த அல்மொராவிதுகள் என்ற முஸ்லிம் பெர்பர் அரசமரபினர் 1076-ல் படையெடுத்து வீழ்த்தினார்கள் என்றுதான் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் மறுக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் சோசோ அரசு இதை அடக்கியது. சோசோவைத் தோற்கடித்து எழுந்த மாலிப் பேரரசுக்குள் கடைசியில் கானா கரைந்துபோனது.

‘கானா’ என்பது நாட்டின் பெயரா, அரசரின் பட்டமா?

பட்டம். கானா என்பது அந்த அரசர்களுக்கு வழங்கும் பட்டம், நாட்டின் பெயர் அவ்கார் என்று அல்-பக்ரியே தெளிவாக எழுதியிருக்கிறார். போர்த்தலைவன் என்ற பொருள் அதற்குச் சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் அரசரின் பட்டத்தையே நாட்டுக்கும் தலைநகருக்கும் சேர்த்து வழங்கிவிட்டார்கள். அல்-பக்ரி எழுதிய காலத்தில் ஆண்ட கானாவின் பெயர் துன்கா மனீன். 1063-ல் தன் தாய்மாமன் பாசிக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர். அங்கே அரசுரிமை மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

பழைய கானாவின் ஒரு பகுதியாவது இன்றைய கானாவுக்குள் இருக்கிறதா?

ஓர் அங்குலம்கூட இல்லை. தலைநகராக இருந்திருக்கலாம் என்று கருதப்படும் கும்பி சாலே இடிபாடுகள் மௌரித்தானியாவில் உள்ளன. அங்கிருந்து இன்றைய கானாவின் மிக அருகிலுள்ள எல்லைக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர். தலைநகர் அக்ராவுக்கு 1,400 கிலோமீட்டர் அளவுக்கு வரும்.

அப்படியிருக்க, இந்தப் பெயரை ஏன் எடுத்தார்கள்?

காலனி ஆட்சியின் பள்ளிக்கூடங்களில் படித்த தலைமுறைக்கு ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்றுதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஐரோப்பியர் கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்ற பாடம். அதற்கு எதிரான மறுக்கமுடியாத சான்றாகப் பழைய கானா கிடைத்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் அரபு அறிஞர்கள், எழுதிய காலமோ ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன். ‘எங்களுக்கும் அரசு இருந்தது, சட்டம் இருந்தது, வரி முறை இருந்தது’ என்று சொல்ல இதைவிட வலுவான ஆதாரம் வேறு என்ன வேண்டும்?

அந்தப் பேரரசிலிருந்து தெற்கே பெயர்ந்து வந்தவர்களே அக்கான் மக்கள் என்ற கருத்தும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பரவலாக இருந்தது. அக்கான் என்பது அசாந்தி, ஃபான்டி, அக்யெம் முதலான பல குழுக்களுக்குப் பொதுப் பெயர். நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதி அவர்கள்தான். வழக்கறிஞரும் தத்துவ அறிஞருமான ஜே. பி. டான்குவா இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு வளர்த்தார். ‘நாம் கானாவின் வாரிசுகள், ஆகவே நம் நாட்டுக்குக் கானா என்று பெயரிடுவோம்’ என்பது அவருடைய வாதம்.

இதுபோக மூன்றாவது ஒரு காரணம் உண்டு. இதுதான் முதன்மையானது என்பது என் எண்ணம். நாட்டுக்குள் அக்கான் மக்கள் மட்டும் இல்லை. கிழக்கே எவே, அக்ராவைச் சுற்றி கா, வடக்கே தகோம்பா, மம்ப்ருசி என்று பலர் இருக்கிறார்கள். ஏற்கெனவே இருந்த ஏதாவதொரு குழுவின் பெயரை நாட்டுக்கு வைத்திருந்தால், மற்றவர்கள் முதல் நாளே அந்நியர்களாகியிருப்பார்கள். குறிப்பாக அசாந்தி ஆதிக்கத்தைப் பற்றிய பயம் கடற்கரையிலும் வடக்கிலும் பழையது. கானா என்ற பெயருக்கு உள்ளூரில் தனி உரிமையாளர் யாரும் இல்லை. அதனால்தான் எல்லோராலும் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. 800 கிலோமீட்டர் தூரம் என்று சிலர் குறையாகச் சொல்வதை நான் அந்தப் பெயரின் பலமாகவே பார்க்கிறேன்.

அக்கான் மக்கள் உண்மையிலேயே பழைய கானாவிலிருந்து வந்தவர்களா?

பெருந்திரளாக மக்கள் அங்கிருந்து இங்கே வந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏற்பதில்லை. அக்கான் மொழியும் சோனிங்கே மொழியும் நெருங்கிய உறவுள்ளவை அல்ல. அக்கான் மரபுக் கதைகளிலும் ஒரே குரல் இல்லை. சில, மூதாதையர் வடக்கிலிருந்து வந்ததாகச் சொல்கின்றன. வேறு சில, முதல் மனிதர்கள் இந்த மண்ணிலிருந்தே வெளிவந்ததாகச் சொல்கின்றன. அசாந்திக் குலங்கள் சிலவற்றின் மூதாதையர் அசாந்திமான்சோ என்ற இடத்தில் நிலத்திலிருந்து எழுந்து வந்தார்கள் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

மேலே சொன்ன, சகோதரியின் மகனுக்கு அரசுரிமை போகும் முறைக்கு வருவோம். அக்கான் மக்களிடமும் தாய்வழி மரபுதான், அரசுரிமை தாய்வழியில்தான் வரும். ஒற்றுமை கண்ணை இழுக்கிறது, உண்மைதான். ஆனால் தாய்வழி மரபு ஆப்பிரிக்காவின் பல மூலைகளில் இருக்கிறது. அதை மட்டும் வைத்து ரத்த உறவை நிறுவ முடியாது.

அதற்காக எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. தொடர்பு வணிகத்தின் வழியாக வந்தது. பழைய கானாவின் தங்கம் பெரும்பாலும் செனகல் ஆற்றங்கரையை ஒட்டிய பம்புக் பகுதியிலிருந்து கிடைத்தது. பிற்காலத்தில் மாலிப் பேரரசின் நாட்களில், தேவை பெருகப் பெருக வங்காரா எனப்படும் முஸ்லிம் வணிகர்கள் தெற்கே அக்கான் காடுகள் வரைக்கும் வந்தார்கள். இன்றைய கானாவின் மேற்கில் பெகோ என்ற சந்தை நகரம் இதனால் செழித்தது. அக்கான் தங்கம் பெகோ வழியாக இன்றைய மாலியிலுள்ள ஜென்னே நகரத்துக்கும், அங்கிருந்து சகாரா தாண்டியும் போனது. வடக்கே கோன்ஜா அரசை நிறுவியவர்கள் மாலி பக்கத்திலிருந்து வந்த மாண்டே குதிரை வீரர்கள் என்று மரபு சொல்கிறது.

எனவே டான்குவா சொன்ன வடிவத்தில் அது வரலாறு ஆகாது. ஆனாலும் பழைய கானா தொடங்கிவைத்த சகாரா தங்க வணிகத்தின் பிற்கால முனை இன்றைய கானாதான். இந்த உறவு போதும் என்பது என் கருத்து. பெயருக்கு நியாயம் தேடி இல்லாத இடப்பெயர்ச்சியைக் கட்டியெழுப்ப வேண்டியதில்லை.

பெயருக்கு யார் காரணம்? டான்குவாவா, நிக்ரூமாவா?

கானாவின் அரசியலில் இது இன்றும் சூடான கேள்வி. இருவரையும் மதிக்கும் மரபுகள் தனித்தனியாக வளர்ந்து நிற்பதால், ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவரிடமிருந்து பறித்த மாதிரி ஆகிவிடுகிறது.

டான்குவா லண்டனில் படித்து 1927-ல் திரும்பியவர். அக்கான் வரலாறு, சமயம், சட்டம் ஆகியவற்றில் ஆழ்ந்து எழுதியவர். கானா என்ற பெயரை அறிவுத்தளத்தில் வலுவாக முன்வைத்து, அரசியல் பேச்சுக்குள் கொண்டுவந்தவர் அவரே. 1947 ஆகஸ்டில் சால்ட்பாண்ட் நகரில் தொடங்கிய ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாட்டுக் கட்சியின் முன்னணித் தலைவரும் அவர்தான். கவனியுங்கள், அந்தக் கட்சியின் பெயரில் இன்னும் பழைய பெயர்தான் இருந்தது.

அந்தக் கட்சிக்குப் பொதுச்செயலாளராக வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்டவர், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான குவாமே நிக்ரூமா. 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தின் மீது காவல்துறை சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். நாடு கொந்தளித்தது. டான்குவா, நிக்ரூமா உட்பட ஆறு தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களை ஆதரித்துப் போராடிய மாணவர்கள் சிலரைப் பள்ளிகள் வெளியேற்றின. அந்த மாணவர்களுக்காக நிக்ரூமா அதே ஆண்டு ஜூலையில் கேப் கோஸ்டில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் கானா தேசியக் கல்லூரி. விடுதலைக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே! பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்து படித்த வகுப்பறைக்கு, இன்னும் பிறக்காத நாட்டின் பெயர். இந்த வரலாறு முழுவதிலும் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இதுதான்.

1949 ஜூனில் நிக்ரூமா பிரிந்துபோய் மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் அவர் கூட்டிய பெருங்கூட்டத்துக்கு ‘கானா மக்கள் பிரதிநிதித்துவ அவை’ என்று பெயர். சரி, எதிரணி என்ன செய்தது? 1952-ல் டான்குவாவும் கே. ஏ. புசியாவும் சேர்ந்து தொடங்கிய புதிய கட்சிக்குக் கானா காங்கிரஸ் கட்சி என்று பெயர் வைத்தார்கள். ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்த இரண்டு தரப்பும் ஒரே பெயரைப் பயன்படுத்தின. அப்போதே அது கட்சிப் பெயர் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

முன்வைத்து வாதாடியவர் டான்குவா, ஆட்சியில் அமர்ந்து சட்டமாக்கியவர் நிக்ரூமா என்றுதான் நான் பிரிப்பேன். இதில் துயரமான பின்கதையும் உண்டு. நிக்ரூமாவின் ஆட்சியில், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தின் கீழ் சிறையில் அடைக்கப்பட்ட டான்குவா, 1965 பிப்ரவரி 4 அன்று இன்சாவம் சிறையில் இறந்தார். நாட்டின் பெயருக்காக அவ்வளவு எழுதியவரின் முடிவு அந்த நாட்டின் சிறையிலேயே அமைந்ததை மறைத்துவிட்டு இந்தப் பெயரின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

நிக்ரூமா இந்தப் பெயரைப் பற்றி என்ன சொன்னார்?

1953 ஜூலை 10 அன்று சட்டமன்றத்தில் தன்னாட்சி கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்து அவர் ஆற்றிய உரையில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். இங்கிலாந்து ஒரு பொருட்டாக ஆவதற்கு நெடுங்காலம் முன்பே நம் மூதாதையர் பேரரசு ஒன்றை அமைத்திருந்தார்கள் என்றார். அங்கே வழக்கறிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் மதிப்பு இருந்ததையும், மக்கள் பட்டும் பருத்தியும் உடுத்தியதையும் எடுத்துச் சொன்னார். அந்தப் பெயரில் பெருமைகொள்வது கற்பனை மோகத்தால் அல்ல, எதிர்காலத்துக்கான ஊக்கமாக என்று முடித்தார்.

‘நம் மூதாதையர்’ என்று அவர் சொன்னது, மேலே பார்த்தபடி, வரலாற்று நோக்கில் நிற்காது. ஆனால் எதிர்காலத்துக்காகத்தான் இந்தப் பெயர் என்று அவரே சொல்லிவிட்டார். பழைய பட்டயத்தைக் காட்டி நிலம் கேட்பவரின் பேச்சு இல்லை அது.

சட்டப்படி பெயர் எப்போது மாறியது?

1956 ஜூலைத் தேர்தலில் நிக்ரூமாவின் கட்சி 104 இடங்களில் 71-ஐப் பிடித்தது. ஆகஸ்ட் 3 அன்று சட்டமன்றம் பிரிட்டிஷ் அரசிடம் விடுதலை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ‘கானா என்ற பெயரில்’ காமன்வெல்த்துக்குள் இறையாண்மை பெற்ற நாடாக வேண்டும் என்று அந்தத் தீர்மானத்திலேயே இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கானா விடுதலைச் சட்டத்துக்கு 1957 பிப்ரவரி 7-ல் அரசியின் ஒப்புதல் கிடைத்தது. மார்ச் 6 பிறந்த நள்ளிரவில், அக்ராவின் பழைய போலோ மைதானத்தில் நிக்ரூமா மேடையேறி, உங்கள் அன்புக்குரிய நாடான கானா என்றென்றைக்கும் விடுதலை பெற்றுவிட்டது என்று அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 8-ல், கானா என்ற பெயரிலேயே ஐ.நா.வின் 81-ஆவது உறுப்பு நாடு ஆனது.

‘கானா குடியரசு’ என்ற முழுப்பெயர் 1960 ஜூலை 1-க்குப் பிறகு வந்தது. அதுவரை பிரிட்டிஷ் அரசியே நாட்டின் தலைவராக இருந்தார்.

மார்ச் 6-க்கு ஏதாவது காரணம் உண்டா?

1844-ல் இதே மார்ச் 6 அன்றுதான் ஃபான்டித் தலைவர்கள் பிரிட்டிஷாருடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கொலை, கொள்ளை போன்ற வழக்குகளில் பிரிட்டிஷ் அதிகாரத்தை ஏற்பதாகச் சொல்லும் சிறிய ஆவணம் அது. நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை, ஆனால் பிரிட்டிஷ் அதிகாரம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்ததாக ஒரு பேச்சு உலவுகிறது. ஆவணத்தில் அப்படி எதுவும் கிடையாது.

யாரும் எதிர்க்கவில்லையா?

கடுமையான எதிர்ப்பு இருந்தது, ஆனால் அதன் குறி வேறு. 1954-ல் குமாசியில் உருவான தேசிய விடுதலை இயக்கம், மாநிலங்களுக்கு அதிகாரம் தரும் கூட்டாட்சி வேண்டும் என்று போராடியது. கோகோ விலையை அரசு குறைவாக நிர்ணயித்ததும் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அதிகாரம் எங்கே இருக்கும் என்பதுதான் அவர்களுடைய சண்டை.

கிழக்கே டோகோலாந்தில் கேள்வி இன்னும் அடிப்படையானது. 1956 மே 9 அன்று ஐ.நா. மேற்பார்வையில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. கோல்டு கோஸ்டோடு இணைய 58 விழுக்காட்டினர் ஆதரவளித்தார்கள். ஆனால் தெற்கே எவே மக்கள் வாழும் பகுதிகளில் பெரும்பான்மை எதிராகவே வாக்களித்தது. எவே மக்கள் இன்று கானாவிலும் டோகோவிலும் பிரிந்து கிடக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, என்ன பெயர் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பொதுவான பெயர் ஒன்று கிடைத்துவிட்டதால் எல்லைக்கோடு போட்ட காயம் ஆறிவிடாது.

விடுதலை பெற்ற முதல் ஆப்பிரிக்க நாடு கானாதானா?

இல்லை. லிபியா, மொராக்கோ, துனிசியா, சூடான் எல்லாம் அதற்கு முன்பே விடுதலை பெற்றுவிட்டன. சகாராவுக்குத் தெற்கே இருந்த ஐரோப்பியக் காலனிகளில் கானா முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். சூடானை எங்கே சேர்ப்பது என்பதைப் பொறுத்து அதுவும் மாறும்.

மற்ற நாடுகள் இப்படிப் பழைய பெயரை எடுத்ததுண்டா?

உண்டு. பிரெஞ்சு சூடான் 1960-ல் மாலி ஆனது. அந்த நாட்டுக்குப் பழைய மாலிப் பேரரசின் மையப்பகுதியே சொந்தம், எனவே பெயரும் இடமும் பொருந்துகின்றன. நியாசாலாந்து 1964-ல் மலாவி ஆனது, பழைய மராவி அரசை நினைவுபடுத்தி. ரொடீசியா 1980-ல் ஜிம்பாப்வே ஆனபோது, அந்தப் பெயருக்குரிய கல் மதில்களே நாட்டுக்குள் நின்றன.

கானாவுக்கு மிக நெருங்கிய உதாரணம் பெனின். முன்னால் அது தஹோமே. அது தெற்கிலிருந்த ஃபோன் மக்களின் அரசுப் பெயர் என்பதால் வடக்கத்தியர்களுக்கு ஒட்டவில்லை. 1975-ல் பெனின் என்று மாற்றினார்கள். புகழ்பெற்ற பெனின் அரசு இருந்த இடமோ பக்கத்து நாடான நைஜீரியா. கரையோரக் கடலுக்குப் பெனின் விரிகுடா என்ற பெயர் இருந்ததால் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். இங்கேயும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பெயர்தான் வென்றது.

மாற்றாதவர்களும் இருக்கிறார்கள். நைஜீரியா என்ற பெயரை 1897-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் முன்மொழிந்தவர் ஃப்ளோரா ஷா என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். 1960-ல் விடுதலை பெற்றபோதும் அவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தந்தக் கரையும் பழைய பெயரை விடவில்லை. தங்கள் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்க்காமல் ‘கோத் திவ்வார்’ என்றே சொல்லுங்கள் என்று மட்டும் 1980-களில் உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அது அவர்கள் முடிவு, அதைக் குறைசொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

கானா, கினி, கயானா எல்லாம் ஒன்றா?

மூன்றும் வேறு. கினி மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சுக் காலனி, 1958-ல் விடுதலை பெற்றது. கயானா தென் அமெரிக்காவில் இருக்கிறது. அந்தப் பெயர் அங்குள்ள பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது.

பெயர் மாறியபோது வேறு என்னவெல்லாம் மாறின?

விடுதலை நாளுக்கு வெளிவந்த அஞ்சல்தலைகளில் சில புதிதாக அச்சிட்டவை. மற்றவை பழைய கோல்டு கோஸ்ட் தலைகள், அவற்றின் மேலேயே கானா விடுதலை என்றும் தேதியும் குத்தியிருந்தார்கள். அஞ்சல்தலை சேகரிப்பவர்களிடம் அவை இன்றும் கிடைக்கும். 1948-ல் தொடங்கிய கோல்டு கோஸ்ட் பல்கலைக்கழகக் கல்லூரி, பெயர் மாறி, 1961-ல் கானா பல்கலைக்கழகம் ஆனது. நாணயம் 1958-ல் கானா பவுண்டாகி, 1965-ல் ‘செடி’ (cedi) ஆனது. செடி என்றால் அக்கான் மொழியில் சோழி. ஒரு காலத்தில் இந்தக் கரையில் பணமாகப் புழங்கியது அதுதான்.

தங்கம் பெயரிலிருந்து போனாலும் கொடியில் இருக்கிறது. தியோடோசியா ஓக்கோ வடிவமைத்த தேசியக் கொடியில் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே இருக்கும் மஞ்சள் பட்டை நாட்டின் கனிம வளத்தைக் குறிக்கிறது. அதன் நடுவில் கறுப்பு நட்சத்திரம். கால்பந்து அணிக்குக் கறுப்பு நட்சத்திரங்கள் என்ற பெயர் வந்ததும் இந்த நட்சத்திரத்திலிருந்துதான்.